அடித்தலும் அழித்தலும்

எழுதிய எழுத்தை நீக்குவதற்குத் தமிழில் இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று அடித்தல், மற்றொன்று அழித்தல். அடித்த எழுத்தின் மேல் கோடு கிடக்கும்; எழுத்து அதன் கீழே கிடந்து கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அழித்த எழுத்தோ இருந்த இடம் தெரியாமற் போய்விடும். அரபு மொழியிலும் கோடிட்டு நீக்குவதை 'ழர்பு' என்றே கூறுவர். அச்சொல்லின் நேர்ப்பொருளும் அடித்தல் என்பதே. இரு மொழியாரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரு செயலுக்கு ஒரே பெயரிட்டிருப்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

கையெழுத்துப் பிரதிகளே நூல்களாக விளங்கிய காலத்தில் இவ்விரண்டில் எது மேலானது என்பது அறிஞர்கள் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்றாக இருந்தது. ஹிஜ்ரி 643-இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள், நபிமொழிக் கலையின் விதிகளைத் தொகுத்த தம் 'முகத்திமா'வில், பிரதியில் தவறி இடம்பெற்ற சொற்களை நீக்கும் முறையைத் தனியே எடுத்துப் பேசுகிறார்கள். சுரண்டுவதினும் துடைப்பதினும் கோடிடுவதே சிறந்தது என்பது அவர்களின் துணிபு. தமக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முற்பட்ட ராமஹுர்முஸீ (ரஹ்) அவர்களின் கருத்தையும் எடுத்துக்காட்டுகிறார்கள். கோடு தெளிவாக இருக்க வேண்டும். சொல் தள்ளப்பட்டது என்பதை ஐயத்திற்கிடமின்றிக் காட்ட வேண்டும். ஆயின் கீழே உள்ள சொல்லைப் படிக்க இயலாதவாறு மூடிவிடவும் கூடாது என்பதே அக்கருத்து. காழீ இயாழ் (ரஹ்) அவர்கள் வழியாக வரும் செய்தி இன்னும் சுவையானது. பாடம் கேட்கும் அவைக்குள் கத்தி கொண்டுவருவதையே பழைய ஆசிரியர்கள் விரும்புவதில்லையாம். கத்தி கையிலிருந்தால் மாணவன் சுரண்டுவான். இன்று பிழையென்று சுரண்டியது, நாளை வேறோர் ஆசிரியரின் வழியாகக் கேட்கும்போது சரியெனத் தெரியவரலாம். அப்போது சுரண்டியதை எங்கே போய்த் தேடுவது?

இதனை ஈண்டு நினைவூட்டக் காரணம் உண்டு. மேலைநாட்டு ஆய்விதழ்கள், தாம் வெளியிட்ட கட்டுரையொன்று தவறென்றோ பொய்யென்றோ பின்னர்த் தெரியவந்தால், அதனை இதழிலிருந்து கிழித்தெறிவதில்லை. 'திரும்பப் பெறப்பட்டது' என்று அறிவிப்பு வெளியிட்டு, பழைய கட்டுரையின் பக்கங்களில் அச்சொல்லைப் பொறித்து, கட்டுரையைப் படிக்கத்தக்கவாறே விட்டுவைக்கின்றன. பழைய ஆசிரியர்கள் சொன்ன ழர்பு அன்றி இது வேறில்லை. ஆனால் கையெழுத்துப் பிரதியில் அடித்த கோடு அந்த ஒரு பிரதியை வைத்திருப்பவருக்குப் போதுமானது. அச்சுக் காலத்திலோ பிரதிகள் பல்லாயிரம். அவை சென்ற ஊர்கள் நூற்றுக்கணக்கானவை. அடித்த கோடு அவற்றையெல்லாம் சென்று சேர்கிறதா? சேராவிடில் யாருக்குக் கேடு? இக்கேள்வி குழந்தைகளின் உடல்நலத்தைத் தொடுவதாகிவிட்டதால் சற்று விரிவாகவே காண்போம்.

ஆய்விதழ் என்னும் அமைப்பு 1665-ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் பாரிசில் 'ஜூர்னால் தே சாவான்' என்ற இதழும், ஓரிரு திங்களில் இலண்டனில் 'பிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்ற இதழும் வெளிவரலாயின. பின்னது இலண்டன் அரச கழகத்தோடு தொடர்புடையது, இன்றும் வெளிவருகிறது. ஆங்கில ஆய்விதழ்களில் முதன்முதலாக ஒருவர் தம் கருத்தைத் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும் நிகழ்ச்சி இவ்விதழில்தான் 1756-இல் நடந்தது. அவர் பெயர் பெஞ்சமின் வில்சன். தொழிலால் உருவப்படம் தீட்டும் ஓவியர். ஆர்வத்தால் மின்சார ஆராய்ச்சியாளர். லெய்டன் நகரில் கண்டறியப்பட்டதும் மின்சாரத்தைத் தேக்கி வைப்பதுமான கண்ணாடிச் சாடி எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு 1746-இல் அவர் ஒரு விளக்கம் கூறியிருந்தார். 1750-இல் அதனை நூலாகவும் விரித்தெழுதினார். பின்னர்த் தாமே மேலும் சோதனைகள் செய்து பார்த்தபோது, அமெரிக்கரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கூறிய விளக்கமே பொருந்துகிறது என்று கண்டார். கழகத்திற்குக் கடிதம் எழுதித் தம் பழைய கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அக்கடிதத்தின் தலைப்பிலேயே 'திரும்பப் பெறுதல்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது.

அதே வில்சன், இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், இடிதாங்கியின் முனை கூராக இருக்க வேண்டுமா மழுங்கலாக இருக்க வேண்டுமா என்ற வழக்கில், ஃபிராங்க்ளினுக்கு எதிராக மழுங்கல் முனைக்கே வாதாடி, 1777-இல் இலண்டனில் பெரியதொரு சோதனையையும் நடத்திக் காட்டினார். அரசர் மூன்றாம் ஜார்ஜும் அவர் பக்கமே நின்றார். ஒருமுறை பெருந்தன்மையோடு கருத்தை விட்டவர் மறுமுறையும் விடுவார் என்று நாம் எண்ணிவிடக் கூடாது போலும்!

வில்சன் செய்தது தம் கருத்தைத் தாமே கைவிட்டது. பிறர் யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அக்காலத்தில் ஒருவர் எழுதியதை மற்றொருவர் மறுத்தெழுதினால் போதும். படிப்பவர் இரண்டையும் எடைபோட்டுக் கொள்வர் என்பதே எண்ணமாக இருந்தது. அரசுப் பணமும் பதவியும் பட்டமும் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பின்தொடரத் தொடங்கிய இருபதாம் நூற்றாண்டில்தான் நிலைமை மாறியது. கருத்துப் பிழை வேறு; இல்லாத நோயாளியை இருப்பதாக எழுதுவது வேறு. பின்னதை மறுத்தெழுதி முடியாது. மறுப்பதற்கு அங்கே கருத்து ஏது? ஆகவே இதழே முன்வந்து, 'இதனை நம்பற்க' என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம், உலக மருத்துவ இதழ்களுக்குத் தான் தொகுத்துவரும் அட்டவணையில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தனிக் குறியிட்டுக் காட்டும் வழக்கத்தை 1984-இல் தொடங்கியது. 1997-இல் பிரிட்டனின் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் ஒன்றுகூடி வெளியீட்டு ஒழுக்கக் குழு என்ற ஒன்றை அமைத்தனர். இப்பொழுது அதில் எல்லாத் துறை இதழ்களும் உறுப்பு வகிக்கின்றன. அக்குழு 2009-இல் வகுத்துப் பின்னர்த் திருத்திய நெறிகளையே பெரும்பாலான இதழ்கள் பின்பற்றுவதாகக் கூறுகின்றன.

அந்நெறிகளின்படி இதழாசிரியருக்கு மூன்று வழிகள் உண்டு. கட்டுரையின் முடிவைத் தொடாத சிறு பிழையாயின் திருத்தம் வெளியிடுவார். பிழை பெரியதோ என்ற ஐயம் எழுந்து, விசாரணை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தால், படிப்போரை எச்சரிக்கும் ஐயக் குறிப்பு வெளியிடுவார். கட்டுரையின் முடிவையே நம்ப இயலாது என்று தெளிந்தால் திரும்பப் பெறுவார். திரும்பப் பெறும் அறிவிப்பு எந்தக் கட்டுரையைப் பற்றியது, யார் திரும்பப் பெறுகிறார், ஏன் பெறுகிறார் என்பவை வெளிப்படையாக இருக்க வேண்டும். பணம் கட்டாதவரும் படிக்கத்தக்கவாறு அது திறந்து கிடக்க வேண்டும். நெறிகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. திரும்பப் பெறுதலின் நோக்கம் நூற்பரப்பைத் திருத்துவதேயன்றி, எழுதியவரைத் தண்டிப்பது அன்று என்கிறது அது. கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. நடைமுறையில் அது எவ்வாறு ஆகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி, உலகறிந்த வழக்கொன்றினை எடுத்துக்கொள்வோம். 1998-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாளிட்ட 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற இலண்டன் மருத்துவ இதழில் ஐந்து பக்கக் கட்டுரையொன்று வந்தது. எழுதியவர்கள் பதின்மூவர், முதற்பெயர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கும் சேர்த்துப் போடப்படும் ஒரே தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட பின் சில குழந்தைகளுக்குக் குடல்நோயும், பேச்சும் பழக்கமும் பின்னடையும் ஆட்டிசம் போன்ற குறைபாடும் தோன்றின என்று அது கூறிற்று. ஆராயப்பட்ட குழந்தைகள் பன்னிருவர். அவருள் எண்மர் வகையில்தான் பெற்றோரோ மருத்துவரோ குறைபாட்டின் தொடக்கத்தைத் தடுப்பூசியோடு தொடர்புபடுத்தியிருந்தனர். தடுப்பூசிதான் காரணம் என்று நிறுவிவிடவில்லை என்பதைக் கட்டுரையே ஓரிடத்தில் ஒப்புக்கொண்டது. ஆயினும் கட்டுரை வெளிவந்தபோது மருத்துவமனையில் செய்தியாளர்களைக் கூட்டி வேக்ஃபீல்டு பேசியது வேறு விதமாக இருந்தது. மூன்றையும் சேர்த்துப் போடுவதை நிறுத்திவிட்டுத் தனித்தனியாகப் போட வேண்டும் என்றார் அவர். கட்டுரையைப் படித்தவர் சிலர். பேச்சைக் கேட்டவர் பலர்.

தாய்மார் அஞ்சினர். அஞ்சாமல் என்ன செய்வர்? ஓடியாடும் குழந்தையை ஊசி முனைக்குக் கொண்டுபோகிறவள் அவள். இங்கிலாந்தில் 1995–96-இல் நூற்றுக்கு 92 அளவில் இருந்த இத்தடுப்பூசி, 2003–04-இல் நூற்றுக்கு 80 ஆகக் குறைந்தது. தட்டம்மையோ மிக எளிதில் தொற்றும் நோய். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளேனும் காப்புப் பெற்றிருந்தால்தான் அது ஊருக்குள் பரவாமல் நிற்கும் என்பது மருத்துவர் கணக்கு.

இடைப்பட்ட காலத்தில் மற்ற ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருக்கவில்லை. டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, தடுப்பூசி போட்டவருக்கும் போடாதவருக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடில்லை என்று 2002-இல் வெளியிட்டனர். பன்னிரண்டு எங்கே, ஐந்து இலட்சத்துக்கு மேல் எங்கே? ஆனால் அச்சம் எண்ணிக்கைக்கு அடங்குவதில்லை. 'லான்செட்டிலேயே வந்திருக்கிறது' என்ற ஒரு சொல் மற்ற சொற்களையெல்லாம் அமுக்கிற்று.

2004 பிப்ரவரியில் 'சண்டே டைம்ஸ்' செய்தித்தாளில் பிரையன் டீர் என்ற செய்தியாளர் ஒரு செய்தியை வெளிக்கொணர்ந்தார். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முற்பட்ட வழக்கறிஞர்களிடமிருந்து, அவ்வழக்கிற்குச் சான்று தேடித் தருவதற்காக வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்தார். அதனை இதழுக்கு அறிவிக்கவில்லை. (அத்தொகை 4,35,643 பவுன் என்பது பின்னர் வெளியாயிற்று.) அடுத்த திங்களே பதின்மூவரில் பதின்மர், தடுப்பூசி பற்றித் தாம் கூறிய பொருள்கோளை மட்டும் திரும்பப் பெற்றனர். வேக்ஃபீல்டு பெறவில்லை. கட்டுரை அப்படியே நின்றது.

நமக்கு விளங்காத இடம் இதுதான். கட்டுரையின் உயிராக இருந்த பகுதியை எழுதியவருள் பெரும்பாலோரே கைவிட்ட பின்னும், இதழ் கட்டுரையை ஆறு ஆண்டுகள் வைத்துக்கொண்டிருந்தது. பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 2007-இல் தொடங்கிய நெடிய விசாரணையை முடித்து, 2010 ஜனவரி 28 அன்று தன் முடிவை அறிவித்தது. ஐந்து நாட்களில், பிப்ரவரி 2 அன்று, 'லான்செட்' கட்டுரையை முழுவதும் திரும்பப் பெற்றது. அவ்வாண்டு மே திங்களில் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

திரும்பப் பெறும் அறிவிப்பு என்ன கூறியது என்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தைகள் இயல்பாக ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்று கட்டுரை கூறியிருந்தது; அது பொய். சோதனைகளுக்கு ஒழுக்கக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டது என்று கூறியிருந்தது, அதுவும் பொய். இவ்விரண்டையுமே அறிவிப்பு சிறப்பாகச் சுட்டிற்று. தடுப்பூசி தீங்கற்றது என்று அவ்வறிவிப்பில் இல்லை, இருக்கவும் முடியாது. சாட்சி பொய்யன் என்று தீர்ப்பளிப்பது வேறு, வழக்கின் உண்மை யாதெனக் காண்பது வேறு. உண்மையைக் காட்டியவை டென்மார்க்கிலும் பிற நாடுகளிலும் நடந்த ஆய்வுகள். 2019-இல் அதே டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை வைத்து மீண்டும் ஆராய்ந்தபோதும் பழைய முடிவே வந்தது. பிரையன் டீர் 2011-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் பன்னிரு குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளையும் கட்டுரையையும் ஒப்பிட்டு, ஒருவர் செய்தியும் உள்ளபடி எழுதப்படவில்லை என்று காட்டினார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கோடு அடிக்கப்பட்டது. அக்கோடு 2000-இல் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு எட்டுமா? வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரைச் சூழ்ந்த பகுதியில் 2012 இறுதியில் தட்டம்மை கிளம்பியது. 2013 நடுவே அது அடங்குவதற்குள் 1,200-க்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். நோயுற்றவருள் பெருந்தொகையினர் பத்து வயதைக் கடந்த பள்ளிப் பிள்ளைகள். அஃதாவது, அச்சம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் ஊசி போடாமல் விடப்பட்டவர்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

கோடு சென்று சேர்வதில்லை என்பதற்கு இதனினும் வறண்ட சான்று ஒன்று உண்டு. வறண்டதாயினும் அழுத்தமானது. 1998-இல், வேக்ஃபீல்டு கட்டுரை வந்த அதே ஆண்டில், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 1966 முதல் 1997 வரை திரும்பப் பெறப்பட்ட 235 கட்டுரைகளை ஆராய்ந்தவர்கள், திரும்பப் பெற்ற பின்னரும் அவை பிறரால் 2,034 முறை மேற்கோளாக எடுத்தாளப்பட்டுள்ளன என்று கண்டனர். அவற்றுள் 299 இடங்களைப் பிரித்துப் பார்த்தால், 'இது திரும்பப் பெறப்பட்டது' என்று சொல்லி எடுத்தாண்ட இடங்கள் 19 மட்டுமே. மீதி 280 இடங்களில் அவை உயிருள்ள கட்டுரைகளாகவே நடமாடின.

அச்சிட்ட இதழ்களைத் தொகுதி தொகுதியாகக் கட்டி நூலக அலமாரியில் வைத்த காலத்தில் இது இயற்கையே. கட்டுரை ஒரு தொகுதியில் இருக்கும். திரும்பப் பெறும் அறிவிப்பு நான்கைந்து ஆண்டு கழித்து வந்த வேறொரு தொகுதியின் மூலையில் இருக்கும். அறிவிப்பைக் கண்ட நூலகர் பழைய தொகுதியை எடுத்துச் சீட்டொன்றை ஒட்டினால் உண்டு, இல்லையேல் இல்லை. கட்டுரையின் நகலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்ட மாணவருக்குச் சீட்டு ஒட்டுபவர் யார்? கணினிக் காலத்தில் இதழின் தளத்திலுள்ள பக்கத்தில் கோடு உடனே விழுகிறது. ஆனால் முன்பே இறக்கி வைத்துக்கொண்ட பிரதியில் விழுவதில்லை. கைப்பேசி வழியே ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் துண்டுச் செய்தியில் ஒருபோதும் விழுவதில்லை. நம் இல்லங்களுக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் இத்தகைய துண்டுகளே.

காலந்தாழ்த்தியதற்கு இழிவு பெற்ற அதே 'லான்செட்', மற்றொருமுறை விரைவுக்காக நாணவேண்டி வந்தது. கொரோனாத் தொற்று உலகை அலைக்கழித்த 2020-ஆம் ஆண்டு மே 22 அன்று அவ்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த 96,032 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்ததாகவும், மலேரியாவுக்கு வழங்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தை உண்டவர்களுள் இறப்பு மிகுதியென்று கண்டதாகவும் அது கூறிற்று. மூன்றே நாளில் உலகச் சுகாதார நிறுவனம் அம்மருந்தைப் பற்றிய தன் சோதனையை நிறுத்தி வைத்தது. நம் நாட்டிலோ, மருத்துவப் பணியாளர்களுக்கு இம்மருந்தைத் தடுப்பாகக் கொடுக்குமாறு மார்ச் மாதமே கூறியிருந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், தன் அறிவுரையை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் கணக்கு இடித்தது. ஆஸ்திரேலியாவில் அந்நாள் வரை இறந்தவர் தொகையைவிட, கட்டுரையிலிருந்த ஆஸ்திரேலிய இறப்புகள் மிகுதியாக இருந்தன! 'கார்டியன்' செய்தித்தாள் அதை வெளியிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட அறிவியலார் கையொப்பமிட்டு விளக்கம் கேட்டனர். விவரங்களைத் தந்த 'சர்ஜிஸ்ஃபியர்' என்ற சிறு நிறுவனம், மூலப் பதிவுகளைத் தணிக்கையாளரிடம் காட்ட மறுத்துவிட்டது. எழுதிய நால்வருள் மூவர், தாம் கண்ணால் காணாத விவரங்களுக்கு இனிப் பொறுப்பேற்க இயலாதென்று கூறிவிட, ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அன்றே, அதே நிறுவனத்தின் விவரங்களைக் கொண்டு வேறொரு புகழ்பெற்ற அமெரிக்க இதழில் வந்திருந்த கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. முன்னதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. இதற்குப் பதின்மூன்று நாட்கள்.

இதில் மற்றொன்றும் உண்டு. 'மருந்து கொல்லும்' என்ற கட்டுரை விழுந்தவுடன், 'ஆகவே மருந்து நல்லது' என்று பலர் முழங்கினர். அது தவறான முடிவு. மறுநாளே, ஜூன் 5 அன்று, பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையொன்று, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அம்மருந்தால் பயனில்லை என்று அறிவித்தது. ஒரு கூற்றை அடித்துவிட்டால் அதன் எதிர்க்கூற்று தானாக உண்மையாகிவிடாது. மன்திக்கு என்னும் தருக்கத்தின் முதற்பாடம் படித்த நம் மத்ரஸா மாணவரும் இதனை அறிவர். செய்தித்தாள் எழுதுவோர் சிலர் அறியாதது வியப்பே.

திரும்பப் பெறுதலின் நோக்கம் தண்டனையன்று என்னும் நெறியை மேலே கண்டோம். 2012-இல் அமெரிக்க அறிவியல் கழக இதழில், மருத்துவ அட்டவணையிலிருந்த திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் 2,047-ஐயும் மூவர் ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றுள் மிகப் பழையது 1973-இல் வெளிவந்து 1977-இல் திரும்பப் பெறப்பட்டது. நூற்றுக்கு 67-இல் காரணம் முறைகேடு: இட்டுக்கட்டல், பிறர் எழுத்தைத் திருடல், ஒன்றையே இருமுறை வெளியிடல் முதலியன. நூற்றுக்கு 21-இல் மட்டுமே நேர்மையான பிழை. பல அறிவிப்புகள் காரணத்தை மழுப்பியே எழுதியிருந்தன என்பதையும் அவர்கள் காட்டினர். மூன்றில் இரண்டு பங்கு குற்றவாளிகளுக்கு இடப்படும் முத்திரை நல்லவர் நெற்றியிலும் விழுமானால், நல்லவர் தம் பிழையைச் சொல்ல முன்வருவரா?

சிலர் வருகிறார்கள். 2018-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னால்டு அம்மையார், 2019-இல் 'சயின்ஸ்' இதழில் தம் குழுவினருடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிற் கண்ட முடிவுகளை மீண்டும் செய்து பார்த்தபோது அவை வரவில்லை. ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டினால் முதன்மையான சோதனைகளின் பதிவுகளும் மூலவிவரங்களும் காணோம். 2020 ஜனவரித் தொடக்கத்தில் கட்டுரையைத் திரும்பப் பெற்றதோடு, தாம் அதனைச் சரிவரக் கவனிக்கவில்லை என்று ஊரறியத் தாமே கூறினார். உலகம் அவரைப் பழிக்கவில்லை, பாராட்டியது. ஆனால் அவர் நோபல் பரிசு பெற்றவர். பட்டம் முடித்து வேலை தேடும் இருபத்தெட்டு வயது இளைஞர் அதே சொற்களைக் கூறினால் அதே பாராட்டு கிடைக்குமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. நேர்மையாகத் தன் பிழையைக் கண்டு விலகிக்கொண்டவனுக்கும், இல்லாத நோயாளியை எழுதிப் பிடிபட்டவனுக்கும் ஒரே சொல்லை வழங்குவது முறையன்று. இரண்டுக்கும் இரு பெயர் வேண்டும். இல்லையேல் அறிவிப்பின் முதல் வரியிலேயே காரணம் தெளிவாக நிற்க வேண்டும்.

காரணம் நிற்காத அறிவிப்பு எத்தகைய குழப்பம் விளைக்கும் என்பதற்கு அண்மைய நிகழ்ச்சியொன்று சான்று. 1997-இல் எகிப்தின் கெய்ரோ நகரில் ஒரு கணவரும் மனைவியும் தொடங்கிய 'ஹிந்தாவி' என்னும் பதிப்பகம், யாரும் பணமின்றிப் படிக்கத்தக்க அறிவியல் இதழ்களை நூற்றுக்கணக்கில் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றது. அரபுலகிலிருந்து எழுந்த அறிவியல் பதிப்பகம் என்ற வகையில் அது நமக்கும் மகிழ்ச்சி தந்ததுண்டு. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் 'வைலி' நிறுவனம் அதனை ஏறத்தாழ 30 கோடி டாலருக்கு வாங்கிற்று. ஹிந்தாவி இதழ்கள் சிறப்பு மலர்கள் பல வெளியிட்டு வந்தன; அவற்றுக்கு விருந்தாசிரியர் என்ற பெயரில் வெளியாரைப் பொறுப்பாக்கின. அவ்வாயிலில் கட்டுரை ஆலைகள் புகுந்தன. பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை செய்து விற்கும் கூட்டங்களையே அவ்வாறு அழைக்கின்றனர். மதிப்பீட்டாளராக நின்றவர்களும் அவர்கள் ஆட்களே. 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஹிந்தாவி இதழ்கள் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. அவ்வாண்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டவை 10,000-ஐக் கடந்தன; அதற்குமுன் எந்த ஆண்டும் அவ்வளவு இல்லை. ஆண்டிறுதியில் ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடப் போவதாக வைலி அறிவித்தது.

அந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளியான அறிவிப்பு ஏறத்தாழ ஒரே வாசகம். முறைகேட்டின் அடையாளங்களை வரிசையாக எழுதி, இவற்றுள் ஒன்றோ பலவோ இக்கட்டுரையில் காணப்பட்டன என்றது. எது என்று கூறவில்லை. கட்டுரையாசிரியருக்கு இம்முறைகேடு தெரியுமா, அவருக்கு அதில் பங்குண்டா என்று தாங்கள் ஆராயவில்லை என்றும் அதே அறிவிப்பு கூறியது. ஆக, எழுதியவர் கள்ளரா, கள்ளரிடம் அகப்பட்டவரா என்பது படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. எண்ணாயிரம் கட்டுரைகளை ஒவ்வொன்றாக ஆராய்வது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றாகத்தானே வெளியிட்டீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தானே கட்டணம் பெற்றீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டும் பணியை அமெரிக்கச் செய்தியாளர் இருவர் 2010 முதல் செய்து வந்தனர். அவர்கள் பெயர் ஐவன் ஒரான்ஸ்கி, ஆடம் மார்கஸ். 40,000-க்கு மேற்பட்ட பதிவுகள் கொண்ட அத்தொகுப்பை, கட்டுரைகளுக்கு அடையாள எண் வழங்கும் 'கிராஸ்ரெஃப்' அமைப்பு 2023-இல் வாங்கி, எவரும் கட்டணமின்றிப் பார்க்குமாறு திறந்துவிட்டது. ஆய்வுப் பட்டத்திற்கு எழுதும் பிள்ளைகள் இப்பொழுது நம் குடும்பங்களிலும் பலர் உளர். மேற்கோள் எடுக்குமுன் கட்டுரையின் பெயரை அத்தொகுப்பில் ஒருமுறை தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். குழந்தைக்கு ஊசி போடலாமா என்று தயங்கி நிற்கும் தாய்க்கு யாரேனும் 'பெரிய இதழில் வந்திருக்கிறதாம்' என்று ஒரு துண்டை அனுப்பினால், வீட்டில் படித்த பிள்ளை அத்துண்டின் மூலத்தை எடுத்து, அதன்மேல் கோடு விழுந்திருக்கிறதா என்று அவளுக்குப் பார்த்துச் சொல்லலாம். வேக்ஃபீல்டின் கட்டுரையை இன்றும் 'லான்செட்' தளத்தில் எவரும் காணலாம். ஐந்து பக்கங்களிலும் சிவப்பு எழுத்துகள் குறுக்கே நிற்கின்றன. பன்னிரு குழந்தைகளின் அட்டவணையை அவற்றின் கீழே இன்னும் படிக்க முடிகிறது.